வாசலில் யாரும் அழவில்லை

அவளை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வைத்த பெயர். நாலு வயதில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் மூன்று அறைகளைச் சுற்றி வந்துவிடுவாளாம். இருபத்து மூன்று வயதிலும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். பல் தேய்த்துக்கொண்டே மொட்டை மாடிவரை போய்விட்டுத் திரும்புவாள். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாக்குப்பிடித்ததில்லை. மருந்துக்கடை, போட்டோக் கடை, பல் மருத்துவரின் வரவேற்பு மேஜை என்று தாவித் தாவி, கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்து நின்றாள்.

அந்த வேலை மட்டும் அவளுக்கு எப்படியோ ஒத்துப்போனது. கை சும்மா இருக்காது. வருகிறவரின் இரண்டு கருவிழிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சின்ன அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பைச் சூடு காட்டி, காதுக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அது சுற்றும்போது ஒரே சுருதியில் இழுத்து, விளிம்பு வந்ததும் லேசாக ஏறி இறங்கும். அதன்மேல் இவள் ஒரு மெட்டை ஏற்றி முனகுவாள்.

"மிஷின் பாடுதா, நீ பாடறியா?" என்று முன்னாலிருந்து முதலாளி கேட்பார்.

"ரெண்டு பேரும்தான் சார்."

பாட்டு எழுதுவது எப்போது தொற்றிக்கொண்டது என்று அவளுக்கே நினைவில்லை. லென்ஸ் வரும் சின்னக் காகித உறைகளின் பின்பக்கத்தில் எழுதுவாள். பை முழுக்க அந்த உறைகள். ஒன்றில் முதல் அடி இருக்கும், இன்னொன்றில் மூன்றாவது அடி இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. முடித்த பாட்டு என்று சொல்ல அதுவரை நான்குதான். நான்கையும் பதிவு செய்து போட்டாள். அம்மாவையும் சேர்த்து நாற்பது பேர் கேட்டார்கள்.

பதிவு செய்தது பெரியவர் வீட்டில். பெரியவருக்கு வயது இருபத்தைந்து. எதையும் அவசரமில்லாமல் செய்கிறவன் என்பதால் கல்லூரியில் வைத்த பெயர் அது. கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கீபோர்டில் விரலை வைத்துவிட்டால் ஒரு சுரம் பிசகாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் அறை. சன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, கதவில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டிருந்தான். கீழ்வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டால் பதிவை நிறுத்திவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கால்மணி நேரத்தில் பம்பரம் மாடியை முப்பது தடவை சுற்றுவாள். பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அக்கா இவளைவிட ஏழு வயது மூத்தவள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம். ஒரு நாள் பிற்பகலில் ஒரு பெட்டியும் தோள்பையுமாக வந்து, "கொஞ்ச நாள் இங்க இருக்கேம்மா" என்றாள். அம்மா கேட்ட கேள்விகள் எதற்கும் அவள் பிடி கொடுக்கவில்லை. மறுநாள் எப்போதும்போல் வேலைக்குப் போனாள். அக்காவின் கணவர், மாமாவைப் பற்றி வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. அதனாலேயே அம்மாவுக்கு மண்டை வெடித்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பம்பரம் வாயில் பிரஷ்ஷோடு சுற்றிக்கொண்டிருந்தபோது, குளியலறைக்குள் அக்கா போனில் பேசுவது கேட்டது. குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்கிறவர்களிடம் விடுமுறை தேதி சொல்கிற அதே குரல்.

"சாவி என்கிட்டதான் இருக்கு. வீடுதான் எனக்கில்ல."

பம்பரம் பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு உறையைத் தேடி ஓடினாள்.

மீதிப் பாட்டை அவளாகத்தான் கட்டினாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டை விட்டு வருகிறவள் என்ன செய்வாள் என்று தனக்குத் தெரிந்தமட்டில் யோசித்து, மழையைக் கொண்டுவந்தாள், வாசல்படியைக் கொண்டுவந்தாள்.

*வாசப்படியில சாஞ்சு நின்னு*
*வாய்விட்டு அழுதேனே*
*சாவி இருக்கு என் கையில*
*வீடுதான் எனக்கில்ல*

முதல்முறை பாடிக் காட்டியபோது பெரியவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, வழக்கமான நேரத்தைவிட அதிக நேரம் யோசித்தான்.

"இது யாரோட கதை?"

"யாரோடதோ. மோட்டார் போடறதுக்குள்ள பதிவு பண்ணு."

அந்தப் பாட்டு பிடித்துக்கொண்டது. ஏன் இந்தப் பாட்டு, ஏன் முந்தைய நான்கும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வாரம் ஆயிரம் பேர், மூன்றாவது வாரம் கணக்கே தப்பிவிட்டது. ஆட்டோவில் ஓடியது, சலூனில் ஓடியது. கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண், பம்பரம் தன் காதருகே காம்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்தாள். பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நான்கு கண்ணாடிகளைத் தப்பாக வளைத்தாள்.

பிறகு ஒரு இசைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த பெண்மணியை எல்லோரும் மேடம் என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். குரலில் சர்க்கரைப் பாகு. "கண்ணு, உன் குரல்ல ஒரு ஈரம் இருக்கு. அதை நாங்க ஊருக்கே கொண்டுபோறோம்" என்றார். பாட்டைப் பெரிய ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்தார்கள். அங்கே மோட்டார் சத்தம் இல்லை, போர்வை இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விரலை உயர்த்தினால் பாட வேண்டும். பெரியவர்தான் வாசிக்க வேண்டும் என்று இவள் அடம்பிடித்ததால் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான்.

பாட்டு வெளியானதும் வானொலியில் பேட்டி. காலை பதினொரு மணி, நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் கலகலப்பான ஆள். நாலு கேள்வி சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"கேக்கறவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். இது உங்க சொந்த அனுபவமா?"

வானொலியில் இரண்டு நொடி மௌனம் என்பது கிணறு மாதிரி. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. கற்பனை என்று சொன்னால் பாட்டின் உயிர் போய்விடும் என்று மேடம் முன்பே காதில் போட்டுவைத்திருந்தார்.

"ஆமாங்க" என்றாள் பம்பரம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு? பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்கா? கீழ்வீட்டம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சின்னவளுக்கும் இப்படி ஆயிடுச்சான்னு அழறா. நான் இல்லேன்னு சொன்னா, மறைக்காதீங்கன்னு மறுபடி அழறா. பால்காரர் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறார். யாரு அவன், எந்த ஊர்க்காரன்னு நானே உன்கிட்ட கேக்கணும் போல இருக்கு!"

அக்கா ஒரு மூலையில் மறுநாளைக்குத் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை ஒருமுறை தேய்த்தாள், திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்தாள். பாட்டு வந்த நாளிலிருந்தே அவள் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. 'நல்லாருக்கு' என்றோ 'ஏண்டி இப்படிப் பண்ணினே' என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது பம்பரத்துக்கு. ஒரே அறையில் இரண்டு கட்டில். நடுவில் இந்தப் பாட்டு மூன்றாவது ஆள்போல உட்கார்ந்திருந்தது. பம்பரம் காரணமே இல்லாமல் மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளை வாங்கி வாங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டு நீண்டது. வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் மாமா.

"மாமா…" பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். கண்ணும் மங்கலாத்தான் இருக்கு. ரெண்டு வேலையும் ஒண்ணா முடியட்டும்னு…" அவர் சிரிக்க முயன்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் தைத்திருந்தது.

அளவுகோலை எடுத்தாள். இந்த வேலையில் தப்பிக்க வழியில்லை. எதிரிலிருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்தே ஆக வேண்டும்.

"நேரா என் கண்ணைப் பாருங்க. ஆடாதீங்க."

"அந்த வரி என்கிட்ட சொன்னது" என்றார் அவர், ஆடாமல். "போன்ல. நீ திரும்ப வருவியான்னு நான் கேட்டதுக்கு அவ சொன்ன பதில் அது."

பம்பரத்தின் அளவுகோல் நழுவியது. மறுபடி வைத்தாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அந்தப் பாட்டை ரிங்டோனா வெச்சிருக்கார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்குது. நான் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிடுவேன். இப்பல்லாம் ரொம்பத் தண்ணி குடிக்கறேன்."

"மாமா, நான் வேணும்னு…"

"அதுகூடப் பரவால்ல. வாசப்படியில அழுதேன்னு வருதே, அதான் புரியல. எப்ப அழுதா? அவ கெளம்பினப்போ நான் வேலையில இருந்தேன். அவளேதான் வீட்டைப் பூட்டிட்டுப் போனா. வாசல்ல யாரும் அழல. இப்ப எதிர்வீட்டுக்காரங்க நான்தான் அவளை வெளிய தள்ளினேன்னு நினைக்கறாங்க. பேரு சொல்லாட்டா என்ன, பாடறது அவ தங்கச்சின்னு எல்லாருக்கும் தெரியும், அந்தத் தெருவுல அப்படி வீட்டை விட்டுப் போனவ அவ ஒருத்திதானே?" அவர் மூச்சு விட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரலை. அடிதடி இல்ல, சண்டைகூட இல்ல. அவ்வளவுதான் விஷயம். அதுக்கெல்லாம் பாட்டு கிடையாதா?"

வரிசையில் நின்றிருந்த ஒருவர் இருமினார். பம்பரம் சீட்டில் அறுபத்து நான்கு மில்லிமீட்டர் என்று எழுதினாள். எழுதியது சரியா என்று சந்தேகம் வந்து, மறுபடி அவர் கண்ணைப் பார்த்து அளந்தாள். அறுபத்து நான்குதான். புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் போன பிறகு முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தலைவலியும் வந்துவிட்டிருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. அக்கா தனியாக உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். மைப்பெட்டியில் ஒரு தட்டு, தாளில் ஒரு குத்து. பம்பரம் வந்து நின்றதைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"என்னடி, கடை லீவா?"

"அக்கா, நீ வீட்டை விட்டு வந்த அன்னிக்கு அழுதியா?"

டப். டப். இரண்டு தாள் போயிற்று.

"இதைக் கேக்க உனக்கு ஒன்பது மாசம் ஆச்சு" என்றாள் அக்கா. "ஊரெல்லாம் என் அழுகையைப் பாடி முடிச்சாச்சு. இனிமே நான் அழுதிருந்தா என்ன, அழாட்டா என்ன?"

"மாமா கடைக்கு வந்தார்."

முத்திரை நின்றது. "என்னவாம்?"

"கண்ணு மங்கலா இருக்காம். வாசல்ல யாரும் அழலன்னு சொன்னார்."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கட்டைவிரலில் ஒட்டிய ஊதா மையை ஒரு காகிதத்தில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவியது.

"அழல. எனக்குப் பசி."

"என்னது?"

"பசிடி. அவருக்குச் சமைச்சு வெச்சுட்டு, துணியெல்லாம் எடுத்து அடுக்கி, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. பூட்டிட்டு வெளிய வந்தா வெயில் சுள்ளுனு அடிக்குது. நீ பாட்டுக்கு மழையைப் போட்டு வெச்சிருக்கே. பெட்டியை இழுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அங்க ஒரு டீக்கடை. ரெண்டு பன்னு வாங்கி, நின்னுக்கிட்டே தின்னேன். என்ன ருசிங்கறே! மூணு வருஷத்துல அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதே கிடையாது. தின்னு முடிச்சு, தண்ணி குடிச்சு, வாயைத் துடைச்சப்புறம்தான் நாம என்ன பண்ணிட்டு வந்திருக்கோம்னே எனக்கு உறைச்சுது."

பம்பரம் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"இதை யார்கிட்ட சொல்றது? புருஷனை விட்டுட்டு வந்தவ பன்னு தின்னான்னு சொன்னா, மனசாட்சியே இல்லாதவன்னு சொல்லுவாங்க. அழுதேன்னு சொன்னா எல்லாருக்கும் சுலபமாப் புரியுது. உனக்கும் அப்படித்தானே புரிஞ்சுது?"

"என்மேல கோவமா இருக்கியா?"

"பாட்டு போட்டதுக்கு இல்ல. என்னை அழுமூஞ்சியா ஆக்கினதுக்கு." அக்கா முத்திரையை மறுபடி எடுத்தாள். "ரேடியோல உன் கதைன்னு அடிச்சு விட்டது ஒருவகையில நல்லதாப் போச்சு. இப்ப கீழ்வீட்டம்மா என்னை விட்டுட்டு உன்னைத்தான் பாவம் பாக்கறா."

"நான் மாத்தட்டுமா? அந்த ரெண்டு அடியை?"

"மாத்தினா முழுசா மாத்து. பன்னைப் போட வெக்கமா இருந்தா தொடாதே."

அன்று பெரியவர் வீட்டு மாடியில் பத்துத் தடவையாவது மோட்டார் ஓடியிருக்கும். பம்பரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அழுகைக்கு மெட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதே மெட்டில் பசியை உட்காரவைக்க வேண்டும். அழுகை எளிதில் உட்கார்ந்துகொண்டது. பசி உட்கார மறுத்தது. பொழுது சாயும் வேளையில் கிடைத்தது.

*பஸ்ஸு நிக்கிற எடத்துல நான்*
*பன்னு ரெண்டு தின்னேனே*

பெரியவர் வாசித்துப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, "முன்னாடி இருந்ததுல நான் அந்தப் பொண்ணுக்காகப் பாவப்பட்டேன். இதுல அவளோட பேசணும் போல இருக்கு" என்றான். அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கண்ணாடி அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் புன்னகை அப்படியே இருந்தது.

"கண்ணு, பன்னுன்னு சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மேடம். நிஜம் அதுதான்."

"நிஜம் யாருக்கு வேணும்? அந்த அழுகையை லட்சம் பேர் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. ஒவ்வொருத்தியும் தன்னோட அழுகைன்னு நினைச்சுப் பாடறா. இனிமே அது உன்னுது இல்ல, அவங்களுது. அதைப் புடுங்கிட்டு கையில பன்னைக் கொடுப்பியா?"

அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதுதான் பம்பரத்தை அலைக்கழித்தது. மேடம் வெறும் வியாபாரம் பேசியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"மேடையில பழசைத்தான் பாடறே. சரியா?"

பம்பரம் தலையை ஆட்டினாள். சரி என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

அந்த மாதக் கடைசியில் ஒரு விளையாட்டு மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி. ஆறு பாடகர்கள், இவள் மூன்றாவது. மாலை ஐந்து மணிக்கு மேடை ஏற வேண்டும். வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டிய துணித் தடுப்புக்குள் பம்பரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒலி சரிபார்ப்பவர் மைக்கைக் கொடுக்க வந்து, அவளோடு கூடவே மூன்று சுற்று நடந்துதான் கொடுக்க முடிந்தது.

"புதுசு பாடப் போறியா?" என்றான் பெரியவர்.

"தெரியல."

"வாசிக்கறதுல ஏதாவது மாத்தணுமா?"

"வேண்டாம். என்ன நடந்தாலும் நீ நிறுத்தாம வாசி."

"எனக்கு நிறுத்தறதுக்கும் நேரம் ஆகும். பயப்படாதே."

மேடையில் ஏறியதும் கண்ணெதிரே தலைகள், தலைகள், அதற்கு மேல் தூக்கிய போன்கள். முதல் இசை கேட்டதுமே கூட்டம் ஓவென்றது. ஆரம்ப அடிகளை இவள் பாடவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே பாடினார்கள். அந்த இடம் நெருங்கியது. கடைசி நொடிவரை எதைப் பாடுவது என்று முடிவு செய்யவில்லை. வாயைத் திறந்தாள்.

*பஸ்ஸு நிக்கிற எடத்துல நான்…*

கூட்டம் பழைய அடியிலேயே, வாசப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரு பக்கம், ஒரு மைக் ஒரு பக்கம். இரண்டும் மோதிக் கூழாகிவிட்டன. பன்னு என்ற சொல் மட்டும் எப்படியோ தனியாகத் தெறித்து விழுந்தது. இடது பக்கத்தில் ஒரு கூட்டம் குபீரென்று சிரித்தது. விசில் பறந்தது. டிரம்ஸ்காரர் இவளைத் திரும்பிப் பார்த்து ஒரு அடியைத் தவறவிட்டார். நின்றால் விழுந்துவிடுவோம் என்று பயந்து, பம்பரம் மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாள். அடுத்து சாவி அடிக்குப் போயிருக்க வேண்டும். போகாமல், அதே இரண்டு அடிகளை மறுபடி எடுத்தாள். பெரியவர் கூடவே திரும்பினான், அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி.

இந்தமுறை கூட்டத்துக்குக் கூடப் பாட வார்த்தை இல்லை. அதனால் கேட்டார்கள். சிலர் மறுபடி சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி சிரிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எதை அடக்குகிறாள் என்று மேடையிலிருந்து தெரியவில்லை. பிறகு சாவி வந்தது, வீடு வந்தது, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், பாட்டு ஒருவழியாகக் கரை சேர்ந்தது.

இறங்கி வந்தபோது மேடம் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். திட்டவில்லை. "பன்னு" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார்.

இரண்டாவது பாட்டுக்காக ஸ்டுடியோவில் குறித்திருந்த தேதி தள்ளிப்போனது. பிறகு மறுபடி தள்ளிப்போனது. மூன்றாவது தடவை யாரும் தேதியே சொல்லவில்லை. மைதானத்தில் எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. பன்னுக்காரி என்று பெயர் வைத்தார்கள். சிலர் கிண்டலுக்குச் சொன்னார்கள்; கொஞ்ச நாளில் எது கிண்டல், எது பிரியம் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. ஒருத்தி, தான் விவாகரத்து வாங்கிக்கொண்டு கோர்ட்டிலிருந்து வெளியே வந்த அன்று ஐஸ்கிரீம் தின்றதாக எழுதியிருந்தாள். இன்னொருத்தி, அம்மா வீடு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினாளாம். பம்பரம் அவற்றை நின்றுகொண்டே படித்தாள்.

மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கேட்டேன். நன்றி. கண்ணாடி காதுப் பக்கம் இறுக்குது." கடைக்கு வாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்று பதில் போட்டாள். அவர் வந்தார். காம்பைச் சூடு காட்டித் தளர்த்திக் கொடுத்தாள்.

அக்கா அந்த வீடியோவை அலுவலகத்தில் பார்த்திருக்கிறாள். மாலையில் வந்து பையை வைத்தவள், "மூணு" என்றாள்.

"என்ன மூணு?"

"பன்னு. அன்னிக்கு வெக்கத்துல ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"அக்கா! மூணுன்னு போட்டா மெட்டுல இடிக்குமே!"

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவள் சிரிப்பது வெளியே கேட்டது. அம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பன்னு? யாரு தின்னா? இந்த வீட்டுல எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

கம்பெனி கைவிட்ட பிறகு அழைப்புகள் வேறு இடங்களிலிருந்து வந்தன. கல்லூரி அரங்கம், செவிலியர் விடுதி ஆண்டு விழா, ஐம்பது நாற்காலி போட்ட புத்தகக் கடை. பம்பரம் கண்ணாடிக் கடையில் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். முதலாளி முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். பெரியவரும் அவளும் ஒரு வாடகை வேனில் கீபோர்டைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். சில இடங்களில் பழைய அடிகளையே பாடச் சொல்லிக் கேட்டார்கள். ஒருமுறை ஒரு வயதான பெண்மணி எழுந்து, "எனக்கு அந்த அழுகைதாம்மா வேணும்" என்றாள். பம்பரம் அதையும் பாடினாள். பாடிவிட்டு வேனில் ஏறியதும் தப்பு செய்தோமா, சரி செய்தோமா என்று வழி முழுக்கப் பெரியவரை நச்சரித்தாள். அவன் யோசித்துக்கொண்டே வந்தான். ஊர் வந்துவிட்டது, பதில் வரவில்லை.

இரண்டாவது பாட்டை அவளே வெளியிட்டாள். அது ஓடவில்லை. முதல் பாட்டைக் கேட்டவர்களில் கால்வாசிப் பேர்கூடக் கேட்கவில்லை. ஒரு வாரம் போனைத் தொடாமல் கடையிலேயே கிடந்தாள். எட்டாம் நாள் காலையில், லென்ஸ் இயந்திரத்தில் ஒரு கனத்த கண்ணாடி தேய்ந்துகொண்டிருந்தபோது, சுருதி வழக்கமான இடத்தில் ஏறாமல் வேறெங்கோ போனது. பம்பரம் காதைத் தீட்டினாள். ஒரு உறையைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்த லென்ஸ் முடிஞ்சுதா?" என்றார் முதலாளி முன்னாலிருந்து.

"ஒரு நிமிஷம் சார். இன்னும் சுத்துது."